தட்டிப் பார்த்தார் அப்பா

“இந்தத் தடவை கட்லெஸ் மாத்தியே ஆகணும் மாமா” என்றார் என் கணவர், ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

“எனக்கு ஒண்ணு போதும் மாப்ள. ராத்திரில எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கிடாது” என்றார் அப்பா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் கூடவே சிரித்தார். எழுபத்து நாலு வயதிலும் இவருக்கு இந்தக் குறும்பு போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அது குறும்பு இல்லை என்று எனக்குத் தெரிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

முதலில் கட்லெஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நிச்சயமாக அது தின்பண்டம் இல்லை. எங்களிடம் இருக்கும் பழைய பாய்மரப் படகின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் ஒரு பேரிங்.

“பாய்மரப் படகா? உங்ககிட்டயா?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. என் மாமியார் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஃப்ரீமான்ட் நகரத்தில். என் கணவர் கரூர்க்காரர். காவிரியில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்து வளர்ந்தவர். நான் தூத்துக்குடி. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் மேல் ஆசை வராது. மீன் மேல்தான் வரும். ஆனால், கரூர்க்காரருக்கு வந்துவிட்டது. 2021-ல் ஒரு நாள், “சும்மா பாத்துட்டு வரலாம்” என்று அலமீடாவுக்கு அழைத்துப் போனவர், 1979-ல் கட்டிய முப்பதடி ஃபைபர் படகு ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். என்னைவிட மூத்த படகு.

இங்கே பழைய பாய்மரப் படகுகள் மலிவு. நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் காசு வேண்டாம். வாங்குவது சுலபம், வைத்துப் பராமரிப்பதுதான் பாடு. யானை வாங்கிய கதைதான்.

பாய்மரப் படகு என்றாலும் உள்ளே சின்ன டீசல் எஞ்சின் ஒன்று உண்டு. துறைக்குள் நுழையவும் வெளியேறவும், காற்று நின்றுபோனால் வீடு திரும்பவும் அதுதான் கதி. எங்கள் படகு இருப்பது அலமீடாவுக்கும் ஓக்லாண்டுக்கும் நடுவில் உள்ள குறுகலான நீர்வழி. ஓக்லாண்ட் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பல்களும் அதே வழியின் வாயிலைத்தான் பயன்படுத்துகின்றன. தெருவில் சைக்கிள் ஓட்டுபவருக்கு லாரி எப்படியோ, எங்களுக்கு அந்தக் கப்பல்கள் அப்படி.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் திரும்பும்போது காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டோம். கொஞ்சம் வேகம் கூட்டியதும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கடகடவென ஆட ஆரம்பித்தன. வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் நிற்கிறது. கூட்டினால் படகின் பின்பக்கமே உதறுகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று மிதந்து வருவதுபோல ஒரு கன்டெய்னர் கப்பல். ஓரமாக ஒதுங்கி, ஆமை வேகத்தில் ஊர்ந்து, அது கடந்துபோன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பின் இருக்கையில் பதினொரு வயது மகள் லைஃப் ஜாக்கெட்டை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்ட்ரட்டோ, கட்லெஸ்ஸோ போயிருக்கணும்” என்றார் கணவர். “சரி பண்ற வரைக்கும் நானும் பிள்ளையும் இதுல ஏற மாட்டோம்” என்றேன் நான்.

ஸ்ட்ரட் என்பது இதுதான். எஞ்சினிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பி, அதாவது ஷாஃப்ட், படகின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதன் நுனியில்தான் தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லர். படகுக்கு வெளியே ஷாஃப்ட் ஓரிரு அடி அந்தரத்தில் நிற்கிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றும் கம்பியைத் தாங்க ஆள் வேண்டாமா? படகின் அடியிலிருந்து வெண்கலத்தில் ஒரு கை தொங்குகிறது. அதன் முடிவில் ஒரு வளையம். அந்தக் கைதான் ஸ்ட்ரட். வளையத்துக்குள் இருக்கும், ரப்பர் பூசிய குழாய்தான் கட்லெஸ் பேரிங். அதற்கு எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. ரப்பரில் நீளவாக்கில் காடி காடியாக வெட்டியிருக்கும். அதன் வழியே ஓடும் கடல்தண்ணீர்தான் எண்ணெய்.

பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஸ்ட்ரட்டே உடைந்தால், சுற்றுகிற வேகத்தில் ஷாஃப்ட் சாட்டை மாதிரி அடித்து, அது வெளியே வரும் துளையையே கிழித்துவிடலாம். பிறகு கடல் உள்ளே வரும்.

இத்தனை முக்கியமான உறுப்பு. ஆனால், அது எப்போதும் தண்ணீருக்கு அடியில். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றும்போதுதான் கண்ணில் படும்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. நாங்கள் ஊருக்குப் போவதும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான்.

அப்பா தூத்துக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பாய்மரத்தோடு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகளுக்கு எஞ்சின் பொருத்த ஆரம்பித்த காலத்தில், ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறார். அப்புறம் விசைப்படகுகள். நாற்பது வருடம் லேத், கிரைண்டர், சுத்தியல். மூன்று வருடத்துக்கு முன் அம்மா தவறிய பிறகு பட்டறையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். “இங்க வாங்கப்பா” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்த வருடம் ஏப்ரலில்தான் வந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் சிறிய விரிசல் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் கணவரின் கம்பெனியில் ஆட்குறைப்பு. எட்டு மாதம் வேலை இல்லை. முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தைரியத்தை வரவழைத்து அப்பாவுக்கு போன் செய்து, “அப்பா, அவருக்கு வேலை போயிருச்சுப்பா” என்றேன். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. பிறகு, “சரிம்மா, ரொம்ப சந்தோஷம். உடம்பைப் பாத்துக்கோ” என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். அம்மா இருந்திருந்தால் இப்படிச் சொல்வாளா? இவருக்கு இனி நாம் ஒரு பொருட்டே இல்லையா? அதற்குப் பிறகு நான் கூப்பிடுவதும் குறைந்தது. கூப்பிட்டாலும் இரண்டு நிமிடம். “சாப்டீங்களா?” “சரிம்மா.” “மாத்திரை போட்டீங்களா?” “சரிம்மா.” அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதத்தில் செலவுகளைக் குறைத்தோம். முதலில் நிறுத்தியது படகுக்கு வரும் டைவரை. இங்கே தண்ணீருக்குள் முங்கி, படகின் அடியில் ஒட்டும் பாசியைச் சுரண்டிவிட ஆட்கள் உண்டு. வேலை கிடைத்த பிறகு அவரை மறுபடி கூப்பிட மறந்தேபோனோம். அவர் பாசியை மட்டும் பார்க்கவில்லை, இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

மே மாதம், சனிக்கிழமை காலை. படகைக் கரையேற்றும் நாள். வீட்டில் ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

நாலு சக்கரத்தில் நகரும் ராட்சதத் தூக்கி ஒன்று வந்து, இரண்டு அகலமான பட்டைகளைப் படகுக்கு அடியில் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலோடு தூக்குவதுபோலத் தூக்கியது. பாசியும் சிப்பியுமாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது படகு. அப்பா எழுந்து நின்றுவிட்டார். வந்து ஒரு மாதத்தில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவே இல்லை.

கழுவி முடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்தியதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்தார். ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கண்ணுக்கே தெரிந்தது ஆட்டம். ஒரு இன்ச் ஷாஃப்டுக்கு, இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு ஆடினாலே பேரிங்கை மாற்ற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்களுடையது அதைப்போல இரண்டு மடங்கு ஆடியது.

“ரப்பர் புஷ் போயிட்டு. அது கிடக்கட்டும். இது என்ன, வெறும் ஆணி மட்டும் நிக்கி?” என்று ஷாஃப்டைக் காட்டினார்.

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கே ஜிங்க் இருந்திருக்க வேண்டும்.

ஜிங்க் என்றால் துத்தநாகக் கட்டி. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால், அது ஒரு பேட்டரி ஆகிவிடும். வலுவான உலோகம் தப்பித்துக்கொள்ள, எளிதில் கரையும் உலோகம் அரிக்கப்படும். அதனால், எல்லாவற்றையும்விட எளிதில் கரையும் துத்தநாகத்தை வேண்டுமென்றே ஷாஃப்டில் மாட்டிவைப்பார்கள். குடும்பத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மூத்த பிள்ளை மாதிரி அது. அது இருக்கும்வரை மற்றவைக்கு ஆபத்து இல்லை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். எங்கள் டைவர் அதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஜிங்க் தீர்ந்துபோனால் அடுத்து என்ன ஆகும்? எங்கள் ஸ்ட்ரட், மாங்கனீஸ் வெண்கலம் என்ற உலோகம். பெயரில்தான் வெண்கலம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு துத்தநாகமே இருக்கும், கிட்டத்தட்ட பித்தளை. அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். வெளியில் பார்த்தால் உருவம் அப்படியே இருக்கும். அளந்து பார்த்தாலும் அளவு குறைந்திருக்காது. ஆனால், உள்ளே பஞ்சு மாதிரி பொறபொறவென்று செம்பு மட்டும் மிச்சம் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். மண்பானை வாங்கும்போது என்ன செய்வோம்? தட்டிப் பார்ப்போம். அதேதான்.

அப்பா சின்னச் சுத்தியல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பிறகு, “ஏட்டி குட்டி, இங்க வா” என்று என் மகளைக் கூப்பிட்டுத் தன் எதிரில் உட்கார வைத்தார். “தாத்தா தட்டுதேன். கோயில் மணி மாதிரி கணீர்னு கேட்டா கட்டை விரலைத் தூக்கு. டொக்குனு கேட்டா இறக்கு.”

புரொப்பல்லரைத் தட்டினார். விரல் மேலே. ஸ்ட்ரட்டின் மேல் பாகம். விரல் மேலே. நடுப்பாகம். அவள் யோசித்து, விரலைப் பக்கவாட்டில் பிடித்தாள். வளையத்துக்குச் சற்று மேலே தட்டினார். எனக்கே கேட்டது, ஓட்டைத் தகரத்தைத் தட்டியது போல. விரல் கீழே இறங்கியது.

பேத்திக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், தட்டும்போது அவர் ஸ்ட்ரட்டையே பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்களே கேட்டுச் சொல்லலாமே?” என்றேன், அவருக்குப் பின்னால் நின்றபடி. பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

மகள்தான் நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, முன்னாடி வந்து நின்னு கேளு. பின்னாடி இருந்து பேசினா தாத்தாவுக்குக் கேக்காது. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

ஒரே மாதம் கூட இருந்த குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தாத்தாவிடம் பேசும்போதெல்லாம் எதிரில் போய் நின்று, முகம் பார்த்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசியது எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது.

அப்பா பேனாக் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டினார். நல்ல உலோகமாக இருந்தால் தங்க மஞ்சளாக மின்னும். எங்களுடையது ரோஜா நிறத்தில், புதுச் செம்புக்காசு மாதிரி இருந்தது. “வெல்டு வச்சு ஓட்டலாமா மாமா?” என்றார் கணவர். அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு அப்பா சொன்னார், “இத்துப்போனதுல வெல்டு நிக்காது மாப்ள. புதுசுதான் போடணும்.”

மத்தியானம் மரத்தடி பெஞ்சில் தயிர் சாதம் சாப்பிட்டோம். மற்றவர்கள் எழுந்து போன பிறகு, அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“எவ்வளவு நாளாப்பா?”

மறைக்கவில்லை அவர். “ஆச்சு ட்டி, ஏழெட்டு வருசம். நாப்பது வருசம் லேத்து முன்னால நின்னிருக்கேன். காதுக்கு யாரு ஜிங்க் மாட்டினா?”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவதான ட்டி எனக்குக் காது. நீ போன்ல பேசுவ. ஸ்பீக்கர்ல போட்டு, எங்கிட்ட திருப்பிச் சொல்லுவா. இப்ப நீ பேசுறது, எதோ தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்கும். உன் குரலு கேக்குதே, அது போதும்னு சரி சரின்னு சொல்லிருவேன்.”

வேலை போன விஷயத்தை அன்றைக்கு போனில் சொன்னேனே என்றேன், மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. அவர் என்னையே பார்த்தார்.

“வேலை கிடைச்சிட்டுன்னுல்லா நினைச்சேன்” என்றார். “ஏற்கெனவே இருக்கிற வேலை எப்படிக் கிடைக்கும்னு யோசிச்சேன். புது வேலை போலன்னு...” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இரண்டு வருடம் நான் சுமந்த கோபம், கரைந்துபோன ஓர் எழுத்தின் மேல் கட்டியது.

புது ஸ்ட்ரட் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் பழையதைக் கழற்ற வேண்டும். எஞ்சினோடு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, புரொப்பல்லரை புல்லர் வைத்து இழுத்து, ஷாஃப்டை உருவி எடுத்தோம். கடைசியில் மிஞ்சியது ஸ்ட்ரட்டின் நாலு போல்ட். போல்ட்டின் தலை படகுக்கு வெளியே, நட்டு உள்ளே எஞ்சினுக்குப் பின்னால், பூனை மட்டுமே நுழையக்கூடிய இடத்தில்.

பூனைக்கு அடுத்த அளவில் இருந்தது நான்தான்.

ஸ்பேனரோடு உள்ளே படுத்துக்கொண்டேன். வெளியே அப்பா, போல்ட் சுற்றாமல் திருப்புளியால் பிடித்துக்கொண்டார். நடுவில் ஃபைபர் சுவர். கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அப்பாவே வழி சொன்னார். இடது கையை விரித்துப் படகின் மேல் வைத்துக்கொள்வார். நான் உள்ளிருந்து தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் ‘பிடிங்க’. இரண்டு என்றால் ‘விடுங்க’. மூன்று என்றால் ‘நட்டு வந்துவிட்டது’.

நாற்பத்தைந்து வருடத்து நட்டு. முதல் நாள் துரு எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் திருப்பினோம். ஒவ்வொன்றாக வந்தது. நாலாவது நட்டுக்கு நான் மூன்று தட்டுத் தட்டியதும், வெளியிலிருந்து பதிலுக்கு மூன்று தட்டு. இருட்டில், டீசல் நாற்றத்தில், முதுகு வலியோடு படுத்திருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவும் நானும் மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டதே இல்லை.

புது ஸ்ட்ரட்டைப் பொருத்திப் பார்த்தபோது, ஷாஃப்ட் துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. “போல்ட்டை இறுக்கினா வந்துரும்” என்றார் கணவர். அப்பா தலையை ஆட்டினார்.

“முறுக்கி உக்கார வச்சா இன்னைக்கு உக்காரும் மாப்ள, நாளைக்கு ஆடும். அதுக்கு எப்படி வேணுமோ, இடத்தை நாமதான் சரிபண்ணிக் குடுக்கணும்.”

ஸ்ட்ரட்டின் அடித்தட்டில் ஒட்டாமல் இருக்க மெழுகு தடவி, படகில் கெட்டியான எப்பாக்ஸி பூசி, ஷாஃப்ட் சரியான நடுவில் நிற்கும்படி தாங்கல் கொடுத்து, இறுகும்வரை விட்டோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால், ஸ்ட்ரட்டுக்கென்றே வார்த்த பீடம் மாதிரி இருந்தது. பிறகு நீர் புகாத பசை வைத்து, உள்ளே கனமான தகடு கொடுத்து முடுக்கினோம். புதுக் கட்லெஸ்ஸும் புது ஜிங்க்கும் போட்டாயிற்று.

துறையில் எங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் கரை மின்சாரத்தில் இணைந்திருப்பதால், எர்த் கம்பி வழியாக அவர்கள் உலோகமும் நம் ஜிங்க்கைத் தின்னுமாம். அதைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியையும் மாட்டினோம்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் எல்லாம் முடியவில்லை. தரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகு, மிதக்கும்போது லேசாக வடிவம் மாறும். அதனால், ஒரு நாள் மிதக்கவிட்ட பிறகுதான் எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். நாலு இன்ச் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு நடுவில், எந்தப் பக்கம் அளந்தாலும் வித்தியாசம் நாலு ‘தௌ’வுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு இன்ச்சை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு தௌ. நாலு தௌ என்பது தலைமுடி தடிமன்.

அப்பா ஃபீலர் கேஜை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியாலேயே அளந்தார். “மேல ஆறு. கீழ ரெண்டு. முன்னால கொஞ்சம் தூக்குங்க மாப்ள.” ஒன்றரை மணி நேரம் தூக்கி இறக்கி, சுற்றிலும் மூன்றுக்குள் கொண்டுவந்தார். காது கைவிட்ட மனிதரை, கை கைவிடவில்லை.

அன்று சாயங்காலம் நானும் மகளும் ஏறினோம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அலமாரியில் வைத்தாள் மகள். கணவர் வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தண்ணீரில் மெல்லிய வளையம்கூட இல்லை. அப்பா, ஸ்ட்ரட்டுக்கு நேர் மேலே தரைப் பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

“சத்தமே இல்லை” என்றார். உடனே தானே சிரித்து, “எனக்கு எப்பவுமே இல்லை. ஆனா, இது நெசமாவே இல்லை” என்றார்.

அடுத்த வாரம் காது பரிசோதனை. பெரிய சத்தத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் என்றார் பரிசோதித்தவர். ‘ஸ்’, ‘ச்’, ‘ட்’ மாதிரி மெய்யெழுத்துகளும் குழந்தைகளின் குரலும் அதில்தான் அடக்கம். ஆ, ஓ என்ற உயிர்ச் சத்தங்கள் கேட்கும். அதனால், ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை’ என்ற நிலை. கட்லெஸ் ஏன் கட்லெட் ஆனது என்று அப்போதுதான் புரிந்தது. வெண்கலத்தின் கணீர் ஓசை ஏன் அவருக்கு எட்டவில்லை என்பதும்.

போன காது திரும்பாது. ஆனால், இருப்பதை வைத்துக் கேட்க கருவி இருக்கிறது. முதலில் மறுத்தார். “கிழவன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கும்” என்றார். மகள் எதிரில் போய் நின்று, கட்டை விரலைக் கீழே இறக்கிக் காட்டினாள். ஒத்துக்கொண்டார்.

கருவியை மாட்டிய அன்று, “ஃபிரிட்ஜ் இப்படியா இரையும்?” என்று கேட்டார். ராத்திரி மகள் அவர் பக்கத்தில் படுத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களைவரை கேட்டது. நடுநடுவே அவர் கேள்வி கேட்டதும்.

உங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்று சொல்லும் பெரியவர் இருக்கலாம். டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகலாம். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவர் எழுந்து போய்த் திண்ணையில் உட்காரலாம். ஒட்டுதல் விட்டுப்போச்சு, மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் கோபப்படாதீர்கள். காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்பா செப்டம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் வீடியோ காலில்தான் பேசுகிறோம், முகம் பார்த்து, அரை மணி நேரம்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தவறாமல் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏட்டி, ஜிங்க் பாத்தாச்சா? எவ்வளவு மிச்சம் இருக்கு?”

நானும் பதிலுக்குக் கேட்பேன். “நீங்க பேட்டரி மாத்தினீங்களா?”

அவர் காதுக் கருவியில் போடும் பொத்தான் அளவு பேட்டரி, வாரத்துக்கு ஒன்று தீரும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று போன வாரம்தான் கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்.

“இதுவும் ஜிங்க்தான் ட்டி” என்றார்.